நீங்கள் போடாத கையெழுத்து

அண்ணே,

காலையில் மளிகைக் கடையில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் வாங்கினேன். ரசீதில் எண்ணெயின் விலைக்குக் கீழே மத்திய அரசுக்கு ஒரு தொகை, அதே அளவில் மாநில அரசுக்கு ஒரு தொகை என்று அச்சாகியிருந்தது. நாடு முழுவதற்கும் ஒரே வரி என்று தொலைக்காட்சியில் மாதக்கணக்கில் கேட்டவன் நான். கடை வாசலில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். இரண்டாகத்தான் இருந்தது. இதை யாரிடமாவது காட்ட வேண்டும் என்று தோன்றியபோது நினைவுக்கு வந்தவர் நீங்கள் மட்டும்தான். நீங்கள் இறந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன என்பது அடுத்த நொடியில்தான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆயுள் முழுக்கப் பொருளாதாரம் நடத்தியவனுக்கு, சொல்லப் போவதை முதலில் வரிசைப்படுத்தாமல் எழுத வராது. வகுப்பிலும் கரும்பலகையின் இடது ஓரத்தில் அன்றைய தலைப்புகளை எழுதிவிட்டுத்தான் பேசத் தொடங்குவேன். பாதியில் தடுமாறினால் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே. ஆகவே:

1. ‘ஒரே வரி’ என்பதை நான் ஏன் முழுதாக நம்பவில்லை.
2. சந்தையைப் பற்றி உங்களிடம் கேட்டதில் எதை இன்னும் சரியென்று நினைக்கிறேன்.
3. மில்காரர்களின் மனுவில் நீங்கள் கையெழுத்துப் போடாததற்குக் காரணம் கொள்கை அல்ல. உங்கள் எண்ணெயில் பாமாயில் கலந்திருந்தது.
4. இலவசங்கள் பற்றி, தாள் மிச்சம் இருந்தால்.

மூன்றாவதை எழுதிவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தேன். நீங்கள் உயிரோடு இருந்தவரை ஒரு தடவைகூட உங்கள் முகத்துக்கு நேரே நான் கேட்காத சங்கதி அது.

விழுப்புரம் தனி மாவட்டமான வருடம் எனக்குத் திண்டிவனம் கல்லூரிக்கு மாற்றல் வந்தது. விழுப்புரத்திலிருந்து காலையில் பாசஞ்சரில் போய் மாலையில் பாசஞ்சரில் திரும்புவேன். மாலை வண்டி ஒழுங்காக வந்த நாள் குறைவு. அப்படி ஒரு நாள் மழைக்கு, ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த எண்ணெய் மில்லின் கூரைக்குக் கீழே ஒதுங்கினேன். வறுபட்ட கடலை வாசனையும் புண்ணாக்கு வாசனையும் ஈரக் காற்றில் கனமாக நின்றன. உள்ளேயிருந்து நீங்கள் கூப்பிட்டீர்கள்.

“இன்னா சார், காலேஜா? உள்ள வாங்க. எண்ணெ வழுக்கும், பாத்து கால வைங்க.”

வந்து உட்கார்ந்தேன். என்ன பாடம் என்று கேட்டீர்கள். பொருளாதாரம் என்றேன்.

“அப்பாடா, ஒரு ஆளு கெடச்சாரு. வாத்தியாரே, ஒரு டின் எண்ணெய இங்கேர்ந்து புதுச்சேரிக்கு எடுத்துக்கினு போனா நடுவுல எத்தினி பேரு கைய நீட்டுறான்னு உங்க புஸ்தகத்துல போட்டிருக்குதா?”

போட்டிருக்கவில்லை. அன்றிலிருந்து வண்டி தாமதமானால் எனக்கு வருத்தமில்லாமல் போயிற்று.

பிப்ரவரி கடைசி நாள் நமக்குத் திருவிழா மாதிரி. அப்போதெல்லாம் பட்ஜெட்டை மாலை ஐந்து மணிக்குத்தான் படிப்பார்கள். நீங்கள் அன்று மட்டும் மெஷினைச் சீக்கிரம் நிறுத்தச் சொல்லிவிட்டு, டிரான்சிஸ்டரை எண்ணெய் டின் மேல் வைப்பீர்கள். அமைச்சர் ஆங்கிலத்தில் ஒரு வரியைக் குறைத்தேன் என்று சொல்ல, நான் அதைத் தமிழில் சொல்ல, நீங்கள் “எங்க ஏத்தப் போறான்னு கேளுங்க, எங்க ஏத்தப் போறான்னு கேளுங்க” என்று டின்னைத் தட்டுவீர்கள். குறைத்ததைச் சத்தமாகவும் கூட்டியதை வேகமாகவும் படிப்பார்கள் என்பது உங்கள் கண்டுபிடிப்பு. அதற்குப் பிறகு நான் கேட்ட எந்த பட்ஜெட் உரையிலும் அது பொய்த்ததில்லை.

முதல் புள்ளிக்கு வருகிறேன். கோட்டக்குப்பத்தில் ஒரு தெருவைத் தாண்டினால் புதுச்சேரி. அங்கே வரி வேறு, விலை வேறு. ஜனங்கள் அந்தப் பக்கம் போய்ச் சாமான் வாங்கி வருவதைக் கடத்தல் என்று நான் ஒருநாள் சொன்னேன். உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னா கடத்தல்? பொம்பள ஒருத்தி மிக்ஸி வாங்கி இடுப்புல வச்சிக்கினு வர்றா, அது கடத்தலா? இவன் ரொம்ப ஏத்துனா ஜனம் அவன்கிட்ட போயிடும். அந்த பயம் ஒண்ணுதான் இவன் கையப் பிடிச்சிகினு இருக்குது. அது போச்சுன்னா நீங்களும் நானும் பேஜாருதான்.”

இன்று அந்தத் தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எண்ணெய்க்கு ஒரே விகிதம். யாரும் யாரிடமும் ஓட முடியாது. எல்லா அரசும் ஒரே மேசையில் உட்கார்ந்து விகிதத்தைப் பேசி முடிக்கின்றன. நம் வியாபாரிகள் அப்படிச் செய்தால் அதற்கு வேறு பெயர் வைக்கிறோம். எளிமை என்று அவர்கள் சொல்வதில் யாருக்கு எளிமை என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் சோதனைச் சாவடியில் உங்கள் லாரி கிடை கிடந்ததற்கு நீங்கள் திட்டிய திட்டும் என் காதில் இருக்கிறது. அந்தச் சாவடி இன்று இல்லை. இரண்டில் எது பெரிது என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ. எனக்கு நிச்சயமில்லை. இந்தப் புள்ளியை இப்படித் தொங்கலில்தான் விட முடிகிறது.

இரண்டாவது. சந்தைக்குப் பரிந்து பேசுகிறவர் வியாபாரிகளுக்கும் பரிந்து பேசுவார் என்று நினைத்திருந்தேன். அறுவடைக் காலத்தில் ஒருநாள் என்னை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு அழைத்துப் போனீர்கள். கமிட்டி என்றுதான் நீங்கள் எல்லாரும் சொல்வீர்கள். கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து முதல் நாளே வண்டி கட்டி வந்தவர்கள் தங்கள் நிலக்கடலைக் குவியலுக்கு, நம் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டைக் குவியலுக்கு, பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். ஒவ்வொரு குவியலுக்கும் வியாபாரிகள் தங்கள் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். யார் என்ன எழுதினார் என்று மற்றவருக்குத் தெரியாது. அதிகம் எழுதியவருக்குச் சரக்கு. பாடப்புத்தகத்தில் வரும் போட்டி கண்ணெதிரே நடப்பதாக நான் பூரித்துப் போனேன்.

நீங்கள் என் காதோரம் குனிந்தீர்கள். “எதிர்ல டீக்கட தெரியுதா? சீட்டு அங்கியே எழுதியாச்சு. இந்தக் குவியல் அவருக்கு, அந்தக் குவியல் இவருக்கு. இங்க வந்து பொட்டியில போடறது சும்மா.”

“நீங்களுமா அண்ணே?”

“நானும் ரெண்டு வருஷம் அந்த டீ குடிச்சேன். அப்பறம் உட்டுட்டேன். அதனாலதான் என்னெ யாரும் கல்யாணத்துக்குக்கூட கூப்புடறதில்ல.” சிரித்துவிட்டுச் சொன்னீர்கள்: “ஏவாரிங்கள நம்பாதீங்க வாத்தியாரே. நானும் ஏவாரிதான், சொல்றேன். சந்தைய நம்புங்க. ஏவாரி கவர்மெண்டு வாசல்ல போயி நின்னா, ஒங்க பைய இறுக்கிப் பிடிச்சிக்குங்க.”

அதற்குப் பிறகு என் வகுப்புகள் மாறின. தடையற்ற சந்தை என்று பலகையில் எழுதியவுடன், அதை முதலில் தடுக்க நினைப்பவர்கள் அதில் இருப்பவர்களே என்று சொல்லத் தொடங்கினேன். எந்தச் சலுகைக்கும் யார் கேட்டார்கள், யார் கட்டுகிறார்கள் என்ற இரண்டு கேள்விகள். எத்தனையோ வருடத்து மாணவர்கள் அதை எழுதிக்கொண்டு போனார்கள். அவை நூலகத்திலிருந்து வந்தவை என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். வந்தது உங்களிடமிருந்து. அதனால்தான் நீங்கள் நேர்மையானவரா இல்லையா என்பது எனக்கு வெறும் வம்பாக இருக்க முடியவில்லை. நீங்கள் கலப்படக்காரர் என்றால், நான் வாழ்நாள் பூராவும் ஒரு கலப்படக்காரரின் சால்ஜாப்பைப் பொருளாதாரம் என்று பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன்.

இனி மூன்றாவதைத் தள்ளிப்போட முடியாது.

பாமாயிலை யார் வேண்டுமானாலும் இறக்குமதி செய்யலாம் என்று தில்லி கதவைத் திறந்தது. அடுத்தடுத்து சுங்க வரியையும் குறைத்தார்கள். திண்டிவனத்தில் கடலை எண்ணெய் மில்கள் வாரத்தில் பாதி நாள் ஓடவில்லை. மில்காரர்கள் சங்கத்தில் கூட்டம் போட்டு, பாமாயில் மீதான வரியை உயர்த்தக் கோரி மனு கொடுப்பது என்று முடிவானது. ஆங்கிலத்தில் எழுதித் தர என்னைக் கேட்டார்கள். மறுக்கத் தெரியாமல் எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டு, தாள் சுற்றி உங்களிடம் வந்தது.

“இன்னானு எழுதியிருக்குது, படிச்சிக் காட்டுங்க வாத்தியாரே.”

தமிழில் சொன்னேன். மல்லாட்டை விவசாயிகளின் வாழ்வைக் காக்க, என்று தொடங்கும்.

“விவசாயியா? போன வாரம் கமிட்டியில டீயக் குடிச்சிக்கினு அவனுக்கு இன்னா வெல போட்டீங்க? அன்னிக்கு எங்க போயிருந்தான் இந்த விவசாயி?”

சங்கத் தலைவர் முகம் சிவந்தது. “உன் மில்லு மட்டும் ஆகாசத்துலயா ஓடுது? பொண்டாட்டி நகைய வச்சி மிஷின் வாங்கினவன் நீ. நீயும்தான் மூடப் போற.”

“மூடுனா மூடறேன். என் மில்லுல மல்லாட்ட ஒடைக்கிற பொம்பளைங்க சாயங்காலம் பாட்டில எடுத்துக்கினு கடைக்குப் போவுதுங்க. இன்னா வாங்குதுங்க? பாமாயிலு. நாள் பூரா என் எண்ணெயிலயே ஊறிக்கினு இருக்குதுங்க, அத வாங்கக் கையில காசு இல்ல. இப்பத்தான் ஆழாக்கு எண்ணெ வாங்குது. அதும்மேல வரி போடுன்னு நான் கையெழுத்துப் போடணுமா?”

பின்வரிசையிலிருந்து ஒருவர், “பாதர் பிரசங்கம் பண்றாரு, எல்லாரும் முட்டி போடுங்கப்பா” என்றார். கூட்டம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். “பிரசங்கம் கேட்டாச்சில்ல, ஜல்தியா காணிக்கையப் போடுங்க” என்று தாளைத் திருப்பித் தள்ளினீர்கள். நீங்கள் கிறிஸ்தவர் என்றாலும் மாதா கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறவர் இல்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

ஸ்டேஷனுக்கு நடந்தபோது ஒரு மில்காரர் என்னுடன் கூடவே வந்தார். “அவன் ஏன் போட மாட்டான் தெரியுமா சார்? பாமாயில் கலக்கறான். மல்லாட்ட எண்ணெ வெலைக்கு விக்கறான். வரி ஏறுனா அவனுக்குத்தான நஷ்டம்?”

சொன்னவர் உங்கள் போட்டியாளர். டீக்கடையில் சீட்டு எழுதுகிறவர். அவரை நம்ப எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் ஏவாரிகளை நம்பாதே, நானும் ஏவாரிதான் என்று சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். யார் கேட்டார்கள், யார் கட்டுகிறார்கள் என்று உங்கள் விஷயத்தில் கேட்டுப் பார்த்தேன். அந்த மனிதர் சொன்ன கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. உங்கள் விளக்கத்தில் உங்களுக்கு நஷ்டம் மட்டும்தான் இருந்தது. லாபமே இல்லாமல் ஒரு மனிதன் முடிவெடுப்பான் என்று நான் படித்த பாடத்தில் இல்லை.

அந்த டிசம்பரிலும் வழக்கம்போலக் கிறிஸ்மஸுக்கு முன்னால் உங்கள் மில்லிலிருந்து ஒரு கேன் எண்ணெய் என் வீட்டுக்கு வந்தது. மார்கழிக் குளிரில் பாமாயில் கலங்கும். தேங்காய் எண்ணெய் போல முழுக்க உறையாவிட்டாலும் அடியில் வெள்ளையாகத் திரியும். கடலை எண்ணெய் எங்கள் ஊர்க் குளிருக்கு அப்படித் திரியாது. கேனிலிருந்து ஒரு சிறு பாட்டிலில் ஊற்றி வடக்கு ஜன்னலில் வைத்தேன். காலையில் எழுந்து பார்ப்பேன். முதலில் ஒன்றுமில்லை. வெட்கமாக இருந்தது. என் மனைவி அந்த வாரம், தை பிறந்ததும் நடக்கவிருந்த தன் தங்கை வீட்டுக் காதுகுத்து ஏற்பாடுகளில் அலைந்துகொண்டிருந்ததால் என்னைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தடவை பார்த்தது போதாது என்று சில நாள் கழித்துக் கேனிலிருந்து மறுபடி ஊற்றி வைத்தேன். விடிந்ததும் போய்ப் பார்த்தால் பாட்டிலின் அடியில் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து நின்றது.

முதல் தடவை தெளிவாக இருந்ததே என்று அப்போதும் தோன்றியது. மேலே இருந்தது தெளிவு, அடியில் இருந்தது கலங்கல் என்று விளக்கம் சொல்லிக்கொண்டேன். விடை கையில் இருக்கும்போது அதற்கேற்ற வழியைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மாணவர்களின் விடைத்தாளில் எத்தனை முறை இதற்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

உங்களிடம் நான் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பிப்ரவரி மாலை டிரான்சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தபோது நாக்கு நுனிவரை வந்தது.

“இன்னா வாத்தியாரே, மூஞ்சி ஏன் இப்பிடி கீது? அமைச்சர் ஒங்க சம்பளத்துல கைய வச்சிட்டாரா?”

“ஒண்ணுமில்லண்ணே. தலைவலி.”

அடுத்த கிறிஸ்மஸுக்கு, டாக்டர் எண்ணெய் கூடாது என்றுவிட்டார் என்று பொய் சொன்னேன். நீங்கள் ஒரு கோணிப்பையை எடுத்து என் பக்கம் நகர்த்தினீர்கள். “அப்ப மல்லாட்டையாவே எடுத்துக்கினு போங்க. இதுல இன்னா கலக்க முடியும்?”

அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை புரட்டிப் பார்த்திருக்கிறேன். திருடன் வாய் தவறிச் சொன்னது என்று ஒரு வருடம் தோன்றும். என் சந்தேகம் தெரிந்து குத்திக்காட்டியது என்று இன்னொரு வருடம். பிறகு எனக்கு விழுப்புரத்துக்கே மாற்றல் வந்தது. மாலை வண்டியும் நின்றது, நம் பேச்சும் நின்றது. நீங்கள் சில தடவை போன் செய்தீர்கள். நான் நலம் விசாரித்து வைத்துவிட்டேன்.

மனுவில் கையெழுத்துப் போட்டவர்களின் மில்களும் ஒவ்வொன்றாக மூடின. பின்னாளில் தில்லி வரியை உயர்த்தியபோது அவற்றில் பலவற்றில் மெஷினே இல்லை. உங்கள் மில்லும் மூடியது. அண்ணியின் நகை திரும்பியதா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் உடைக்கிற மெஷினை மட்டும் வைத்துக்கொண்டு மல்லாட்டையைப் பருப்பாக விற்றதாகவும், கடைசியில் அந்த இடத்தைக் கல்யாண மண்டபத்துக்கு வாடகைக்கு விட்டதாகவும் கேள்விப்பட்டேன். “மல்லாட்டைக்குத்தான் வெல இல்ல, மனைக்கு இருக்குது” என்று நீங்கள் சொன்னதாக ஒரு பழைய மாணவன் சொன்னான். உங்கள் அடக்கத்துக்கு வந்தேன். கல்லறைத் தோட்டத்தில் கூட்டத்தின் பின்னால் நின்றேன். மண் போட முன்னால் போகவில்லை.

இதுவரை எழுதியபோது என் மனைவி வந்து கதவருகே நின்றாள்.

“சாப்பாடு ஆறுதுங்க. யாருக்கு எழுதிக்கினு இருக்கீங்க?”

“திண்டிவனத்து அண்ணனுக்கு.”

“நல்லா எழுதுங்க. எந்த போஸ்ட்மேன் கொண்டுபோயிக் குடுக்கறான்னு பாப்போம்.”

என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். பட்டியலைப் படித்துக் காட்டினேன். மூன்றாவதில் நிறுத்தினாள்.

“அண்ணன் பாமாயில் கலந்தாரா? யாரு சொன்னது?”

“நம்ம வீட்டு எண்ணெயே சொல்லிச்சு. கிறிஸ்மஸுக்கு வந்த கேன். ஜன்னல்ல வச்சேன், அடியில திரிஞ்சிது.”

“எந்த வருஷம்?”

“உன் தங்கச்சி பொண்ணுக்குக் காது குத்தினாங்களே, அந்த வருஷம்.”

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அய்யய்யோ. அது நான் கலந்ததுங்க.”

“என்ன?”

“பலகாரம் சுட எண்ணெ இல்லேன்னு தங்கச்சி அழுதுகினு இருந்தா. கேன்ல பாதிய அனந்தபுரத்துக்கு அவ வீட்டுக்குக் குடுத்தனுப்பிட்டேன். நீங்க கேனத் தூக்கிப் பாத்து அளவு சொல்ற ஆளாச்சே, கொறஞ்சா ஆயிரம் கேள்வி கேப்பீங்க. ரேஷன் பாமாயில் வீட்ல இருந்திச்சு. ஊத்தி ரொப்பிட்டேன்.”

“இத்தனை வருஷமா ஏன் சொல்லல?”

“நீங்க கேட்டீங்களா? விடியக்காலைல பாட்டிலத் தூக்கிப் பிடிச்சிக்கினு வெளிச்சத்துல பாத்துக்கினு இருந்தீங்க. கண்ணுக்கு ஏதோ வைத்தியம்னு நெனச்சேன்.” பிறகு சிரிப்பு நின்றது. “டாக்டரு எண்ணெ கூடாதுன்னாருன்னு சொன்னது இதுக்குத்தானா? பாவங்க, அந்த மனுஷன்.”

அவள் சாப்பாட்டைச் சூடு பண்ணப் போய்விட்டாள். நான் இன்னும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

நான்காவது புள்ளியை எழுதும் தெம்பு இல்லை, அண்ணே. மத்திய அரசின் மீதும் மாநில அரசின் மீதும் டீக்கடையில் சீட்டு எழுதுகிறவர்கள் மீதும் எனக்குள்ள சந்தேகம் அப்படியே இருக்கிறது. அது உங்களிடமிருந்து வந்தது, போகும்வரை என்னோடுதான் இருக்கும். உங்கள் மீது வைத்த சந்தேகத்துக்கு ஆதாரமாக இருந்தது ஒரு பாட்டில். அது போன பிறகு நீங்கள் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்பதற்கு மிச்சமிருப்பது கூட்டத்தில் நீங்கள் எல்லார் முன்னாலும் சொன்ன காரணம் ஒன்றுதான். சாயங்காலம் பாட்டிலோடு கடைக்குப் போன பெண்கள். அதில் உங்களுக்கு என்ன லாபம் என்று இப்போதும் கேட்டுப் பார்க்கிறேன். ஒன்றும் கிடைக்கவில்லை. இனி கேட்கப் போவதில்லை.

மேலே எழுதிய பட்டியலில் மூன்றாவது தவறு.